தகப்பன் குரலில் ஓர் அழைப்பு

ஒபரேட்டர் அக்காவின் மேசையில் தடித்த கண்ணாடி ஒன்று போட்டிருந்தது. அதற்கு அடியில் ஆஸ்பத்திரியின் உள்ளிணைப்பு இலக்கங்களைத் தேடினால் கிடைக்காது. அவை எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தன. கண்ணாடிக்கு அடியில் இருந்தது வேறொரு பட்டியல். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் இலக்கம். ஒரு தோட்டத்துக்குக் கடைக்காரர், இன்னொன்றுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அம்மா, வேறொன்றுக்கு ஆட்டோ ஓட்டுபவர். சிக்னல் எட்டாத லயத்து வீடுகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் யாரைப் பிடித்தால் அது போய்ச் சேரும் என்ற பட்டியல். அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, "இரகசியத் தகவல் மேசையில் வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ளது" என்று ஓர் அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்த்தவன் நான். படம் நன்றாகவே வந்திருந்தது. கண்ணாடியில் என் முகத்தின் பாதியும் விழுந்திருந்தது.

கண்டியில் உள்ள அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. டிரெக்டர் டொக்டருக்கும் அவர் ஒபரேட்டர் அக்காதான், கூட்டுகிற பெண்ணுக்கும் ஒபரேட்டர் அக்காதான். பிறந்தது தோட்டத்தில், குடியிருந்தது அம்பிட்டியவில். ஞாயிறு பூசை தவறாது. மூன்று மொழியிலும் ஒரே மாதிரி மரியாதையாகப் பேசுவார். தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொள்வார். அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்காமல் எங்களிடம் வருகிற தோட்டத்து நோயாளிகளுடன் ஒருவர்தான் துணைக்கு வர முடியும். வீட்டில் இருப்பவர்கள் வேலை முடிந்து எங்காவது மேட்டில் ஏறி நின்று அழைப்பார்கள். நோயாளியின் பதிவு இலக்கம் தெரியாது, வார்டு தெரியாது. இலக்கம் சொல்லாதவருக்கு எந்த விபரமும் சொல்லக் கூடாது என்பது விதி. அக்கா சொல்வார். பெயரையும் தோட்டத்தையும் கேட்டு, திரையில் தேடி, ஒப்பரேசன் முடிந்துவிட்டது, கண் முழித்துவிட்டது, கஞ்சி குடித்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்ப்பக்கம் மூச்சு சீராகும்வரை வைக்க மாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விதி என்று ஒன்று இருப்பதும் தெரியும். இரண்டும் பல வருடங்களாக ஒன்றையொன்று பார்க்காத மாதிரி இருந்துகொண்டிருந்தன.

இனி என் வீரப் பிரதாபம். ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் நாங்கள் மூன்று பேர். வேலைகளைக் கொழும்பில் ஒரு கம்பனிக்குக் கொடுக்கப் போவதாகவும், இங்கே ஒரே ஒரு பதவிதான் மிஞ்சும், அது தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவி என்றும் சொன்னார்கள். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மற்ற இருவருக்கும் சேர்த்துக் கூட்டினால்தான் அந்த வயது வரும். அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம், எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெஞ்சு இந்தப் பக்கங்க" என்றாள். நான் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதவிக்காகப் பேராதனையில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். படிப்பித்தவர் ஓர் இளம் பெண். என்னை மரியாதையாக "சேர்" என்று கூப்பிட்டு என் வயதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்தினார். இணையப் பாதுகாப்பு என்பது ஒரு வேலையில்லை, பல வேலைகள், நீங்கள் எந்தப் பாதையில் போகப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிப் பலகையில் நான்கு பாதைகளை எழுதினார். திருடனைப் போல நடித்து உள்ளே புகுந்து ஓட்டையைக் கண்டுபிடிப்பது ஒன்று. திரையின் முன் உட்கார்ந்து யார் வருகிறார், யார் போகிறார் என்று காவல் காப்பது ஒன்று. களவு போன பிறகு தடயம் தேடுவது ஒன்று. விதி எழுதி, எல்லோரும் அதன்படி நடக்கிறார்களா என்று சோதிப்பது ஒன்று. மற்றவர்கள் அழகாகக் குறிப்பெடுத்தார்கள். நான் மகளின் பழைய விஞ்ஞானக் கொப்பியில் ஒவ்வொரு பாதைக்கும் கீழே என் பயத்தை எழுதினேன். காவல் என்றால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நித்திரை வரும். தடயம் என்றால் பொலிஸ் வரும். பொலிஸைக் கண்டால் செய்யாத குற்றத்தையும் ஒத்துக்கொள்கிறவன் நான். விதி என்றால் இங்கிலீஷில் எழுத வேண்டும். புகுந்து பார்ப்பது என்றால் கணக்கும் நிரலும் தெரிய வேண்டும், அது இந்த ஜென்மத்தில் நடக்காது. நான்கு பாதையையும் அடைத்துவிட்டு வெளியே வந்து பிளேன்டீ குடித்தேன்.

இரண்டாவது மாதம்தான் விரிவுரையாளர் அந்த வார்த்தையைச் சொன்னார். புகுந்து பார்க்கிறவனுக்கு எப்போதும் கணினி தேவையில்லை, ஒரு டெலிபோனும் நல்ல நடிப்பும் போதும், மனிதர்களை ஏமாற்றித்தான் முக்கால்வாசிக் கதவுகள் திறக்கின்றன என்றார். எனக்குக் கண் திறந்தது. ஆஸ்பத்திரியின் டிசம்பர் நத்தார் விருந்தில் டிரெக்டர் டொக்டர் மாதிரியே பேசி, அவர் முன்னிலையிலேயே கைதட்டு வாங்குகிறவன் நான். ஏப்ரல் முதலாம் திகதிகளில் மந்திரியாகவும் பிக்குவாகவும் யாழ்ப்பாணத்துக் கணக்காளராகவும் ஒபரேட்டர் அக்காவுக்கு அழைப்பெடுப்பேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "சரி தம்பி, சாப்புட்டியா?" என்பார். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. கடவுள் எனக்குக் கொடுத்த ஒரே திறமைக்கு இந்த உலகத்தில் ஒரு பதவி இருக்கிறது என்று அறிந்ததும், பேராதனையிலிருந்து கண்டிவரை பஸ்ஸில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தேன்.

செய்முறைப் பரீட்சைக்குச் சொந்த வேலைத்தளத்தைச் சோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். டிரெக்டர் டொக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். உண்மையான நோயாளியைத் தொடக் கூடாது என்பதால் கணினியில் ஒரு பொய் நோயாளியை உண்டாக்கினேன். இருபத்துமூன்று வயதுப் பெண், ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டம், வயிற்றில் சத்திரசிகிச்சை, மூன்றாம் வார்டு, ஏழாம் கட்டில். பிறகு யாரை ஏமாற்றுவது என்று யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். யோசிக்கவே இல்லை. எந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்று எனக்கு முதலிலேயே தெரியும். தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில் அந்தக் கதவுக்கு நேரே போனேன்.

ஒரு முற்பகலில், வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் நின்று, புது சிம் ஒன்றிலிருந்து அழைத்தேன். என் மாமனாரின் குரலைக் கொஞ்சம் தளர்த்தி எடுத்துக்கொண்டேன். மகளை நேற்றுக் கொண்டுவந்தார்கள், நம்பர் தெரியாது, வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன். குரல் நடுங்கியது. அதில் பாதி நடிப்பு, பாதி பதவி போய்விடுமே என்ற நடுக்கம். அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தது கேட்டது. பிறகு பெயரையும் தோட்டத்தையும் கேட்டார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "பயப்படாதீங்கய்யா, ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. மூணாம் வார்டுலதான் இருக்கு. நான் போய் ஒங்க மகக்கிட்ட சொல்றேன், அப்பா பேசுனாருன்னு" என்றார். நான் நன்றி சொல்லி வைத்தேன். கைக்கடிகாரத்தில் நேரம் குறித்தேன். வெற்றி.

மத்தியான இடைவேளையில் அக்கா மூன்றாம் வார்டுக்குப் போகும் படியில் ஏறிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது, தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்ததுதான். தொண்ணூறு கிலோ மனிதன் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை அன்று அந்த வழியில் போன எல்லோரும் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் அக்கா திரும்பி இறங்கினார். ஏழாம் கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்திருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைக் கடந்து போனார், நின்று பார்க்கவில்லை.

அறிக்கையில் யாருடைய பெயரையும் போடக் கூடாது என்பது வகுப்பின் ஒழுங்கு. நான் "பணியாளர் அ" என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் பகலில் டெலிபோன் எடுப்பவர் ஒரே ஒருவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை என்று இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன். உறைத்தது. பரீட்சைத் திகதி நெருங்கிக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, சேர் இந்தப் பாதைக்கே பிறந்தவர் என்று வகுப்பின் முன்னால் சொன்னார். அறிக்கையின் பிரதி டிரெக்டர் டொக்டருக்கும் போனது, பதவி எனக்குக் கிடைத்தது. அதே கிழமை அக்காவை டெலிபோனிலிருந்து எடுத்து, நிலவறையில் பழைய நோயாளர் கோப்புகள் அடுக்கும் அறைக்குப் போட்டார்கள். தண்டனை இல்லை, இடமாற்றம் என்று கடிதத்தில் இருந்தது. கண்ணாடியைத் தூக்கி, பட்டியலைக் கிழித்தது யார் என்று தெரியாது.

பத்து நாள் அந்த நிலவறைப் பக்கம் போகவில்லை. போகாமலிருக்க எனக்குக் கிடைத்த காரணங்களை ஒரு கோப்பில் போட்டால் அக்காவே அதை அடுக்கியிருப்பார். பதினோராவது நாள் போனேன். அவர் ஓர் அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் தயார் செய்த வசனங்கள் எல்லாம் மறந்து போய், அந்த அழைப்பு நான்தான் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் தம்பி" என்றார். "நம்பர் தெரியலீங்கன்னு சொன்னப்பவே ஒன் கொரல்னு தெரிஞ்சிருச்சு."

தெரிந்துகொண்டு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் துணியை மடித்தார்.

"தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். நெனைக்கிறது தப்பா இருந்தா? நெசமாவே ஒரு தகப்பன் அங்க மேட்டுல நின்னுக்கிட்டிருந்தா, நீன்னு நெனச்சு அந்தாள வெரட்டுனதா போயிருமே. அதான் மேல போய்ப் பாத்தேன். கட்டில் காலியா இருந்துச்சு. சரி, நம்ம தம்பிதான், யாரும் ஏங்கிக்கிட்டு நிக்கலன்னு எறங்கி வந்துட்டேன்."

கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் சாப்பிட்டதாகச் சொன்னேன். அது அவரிடம் நான் சொன்ன கடைசிப் பொய். அடுத்த வருடம் ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கடுத்த மழைக்காலத்தில் அம்பிட்டியவில் அடக்கம் செய்தோம். தோட்டங்களிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அவரை நேரில் கண்டிராத பலர், முகத்தைப் பார்த்து, இந்த அம்மாவா, இந்த அம்மாவா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குரலை மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

புகுந்து பார்க்கும் பாதையில் நான் போகவில்லை. மேற்படிப்புக்குப் பாதையைத் தெரிவு செய்யும் படிவம் வந்தபோது, காவல் காப்பதற்கு நேரே அடையாளம் போட்டேன். விரிவுரையாளர் டெலிபோனில் அழைத்து, உங்கள் திறமையை வீணாக்குகிறீர்கள் சேர் என்றார். நித்திரை நன்றாக வரும் மிஸ் என்று சொன்னேன். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் யாருக்கும் கேடில்லை, மனிதக் குரலே கேட்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பும் சில மாதம்தான். அக்காவின் இடத்தில் தானாகப் பேசும் இயந்திரம் வாங்கினார்கள். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொழும்பில் யாரோ பேசிக் கொடுத்தார்கள். தமிழுக்கு ஆள் தேடியபோது டிரெக்டர் டொக்டர், நம்மிடமே ஒரு நடிகர் இருக்கிறாரே என்று என் தோளில் தட்டினார். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தக் குரலில் வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துத் தமிழுக்கு மூன்றை அழுத்துபவர்களிடம் நான்தான் பேசுகிறேன். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. கிழமைக்கு ஒரு தடவை அவற்றில் சிலவற்றைக் கேட்டுச் சரிபார்ப்பது என் கடமை. அநேகமாக மூச்சுச் சத்தமும் பிறகு துண்டிப்பும்தான். போன திங்கட்கிழமை கேட்டதில் ஒரு வயதானவர் இருந்தார். நோயாளியின் பதிவு இலக்கத்தை அழுத்தவும் என்று என் குரல் சொல்கிறது. அவர், "நம்பரு தெரியலீங்க தம்பி, பேரு சொல்றேன்" என்று மகளின் பெயரையும் தோட்டத்தையும் சொல்கிறார். தவறான இலக்கம், மீண்டும் முயற்சிக்கவும் என்கிறேன். அவர் இன்னும் மெதுவாக, இன்னும் மரியாதையாக, பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்கிறார். மூன்றாம் முறையும் நான் அதையே சொன்னதும், "சரிங்க தம்பி, வேலையா இருக்கீங்க போல. அப்புறமா எடுக்குறேன்" என்று வைத்துவிடுகிறார்.

அந்த அழைப்பு பதிவானது முந்தின வியாழக்கிழமை. கணினியில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடி எடுத்தேன். பெரியவர் அழைத்திருந்த இலக்கத்துக்கு அழைப்பெடுத்தேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கும்போதே, "அன்னைக்குப் பேசுன தம்பிதானே" என்றார். ஆமாங்க, நான்தான் என்றேன். இலக்கம் கேட்காமல் விபரம் சொல்லக் கூடாது என்ற விதியை இப்போது எழுதி வைத்திருப்பவன் நான். திரையில் இருந்ததை வாசித்தேன். சனிக்கிழமை விடியற்காலையில் மகளைப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றேன். ஏன் மாற்றினார்கள் தம்பி என்று கேட்டார். அது இதில் எழுதவில்லைங்க என்றேன். அவர் பக்கம் காற்று பலமாக அடித்தது. மேட்டில்தான் நிற்கிறார் போலிருந்தது. பிறகு, அங்கே டெலிபோனில் யாரைக் கேட்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. அதைச் சொன்னேன். எடுத்துச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு அவர்தான் முதலில் வைத்தார்.