கையிலிருந்து பிடுங்கிய வெல்லம்

என் வீட்டுக்காரர் கேட்டு நான் கொடுக்காமல் போனது ஒரு துண்டு வெல்லம். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் நான். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் முகம் இருப்பதில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது, மகன் ஊரை விட்டுப் போன வருஷம். ஆந்திர எல்லையில் எங்கள் நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனி வந்திருக்கிறதென்று போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வான்.

“அம்மா, நைனா வாய்க்கு நீதான் பூட்டு. சுவீட்டைக் கண்ணுலயே காட்டாதே.”

பூட்டாகவே இருந்தேன். சர்க்கரை டப்பாவை அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து அவர் இலையையே பார்த்திருந்தேன். “போலீசம்மா வந்துட்டாங்க, எல்லாரும் ஒழுங்கா துன்னுங்க” என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை சட்டைப் பையில் மைசூர்பாகு ஒளித்திருந்தார். எறும்பு காட்டிக்கொடுத்தது. தலை சுற்றுகிறதென்று நடித்து டீயில் சர்க்கரை கேட்டதும் உண்டு. அந்த நடிப்பெல்லாம் எனக்குப் பழக்கம்.

திருப்பதியில் பார்த்த டாக்டர் தெலுங்கில் வேகமாகச் சொன்னார். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, போட்ட அரைமணியில் சாப்பிட வேண்டும் என்பது வரைக்கும் என் காதில் நின்றது. அதற்குமேல், சர்க்கரை ஏறுவதுபோல இறங்கவும் செய்யும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்நேரம் புரட்டாசி சனிக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. அன்று மத்தியானம்வரை இவர் பச்சைத் தண்ணீர்தானே, மாத்திரையை என்ன செய்வது என்று கேட்க நினைத்தேன். தெலுங்கு தெரியாதவளில்லை. படித்தவர் முன்னால் நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

“அர்த்தமயிந்தா அம்மா?” புரிந்ததா என்று கேட்டார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. நாமம் போட்ட செம்பை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, “கோவிந்தா, கோவிந்தா” என்று நாலு தெரு போய் அரிசி வாங்கி வருவது அவர் அப்பா காலத்து வேண்டுதல். அந்த அரிசியில் பொங்கி, பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் எதுவும் வைப்பார். காலையில் அவர் கிளம்பும்போது மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே! சாப்பாடு சாமிக்குப் பிறகு. டாக்டரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அந்நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தார். வேர்வையில் நெற்றி நாமம் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. சமையலறை வாசலில் உட்கார்ந்தார். கை நடுங்கி, செம்பிலிருந்த அரிசி தரையில் சிந்தியது.

“ஒரு மாரியா இருக்குதுமே. அந்த வெல்லத்துல ஒரு துண்டு குடு.”

“படைக்கறதுக்கு முன்னாலயா? சாமி நாள்லகூட வேஷமா?”

“வேஷம் இல்லமே... உசுரே போற மாரி பசிக்குது.”

பொங்கலுக்கு வெல்லம் உடைத்து வைத்திருந்த தட்டில் கைவிட்டு ஒரு துண்டை எடுத்துவிட்டார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கினேன். அவர் வேர்வையில் வெல்லம் பிசுபிசுத்தது. எச்சில் படவில்லை என்று பார்த்து, திரும்பவும் தட்டிலேயே வைத்தேன். அப்போது அவர் என்னைத் திட்டினார். அதுவரை அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. எனக்கும் கோபம் வந்து, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். செம்பு உருளும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து நகரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். ஓடிப்போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

“மாத்திரை போட்டாரா? எதுனா துன்னாரா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“விரதம்மா.”

“அய்யோ ஆயா! மாத்திரை பாட்டுக்கு சக்கரையை இறக்கினே இருக்கும். உள்ள ஒண்ணும் போவலன்னா? வேர்த்து, கை நடுங்கினா ஒடனே வாயில சக்கரை போடணும். மயக்கம் ஆனப்புறம் போடக்கூடாது, பொரை ஏறிடும். அவரு இனிப்பு எதுவும் கேக்கலையா?”

கட்டிலிலிருந்து அவர்தான் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டே: “நான் எங்க கேட்டேன்மா? வந்ததும் வுழுந்துட்டேன்.”

மறுநாள் பஸ் பிடித்து வந்த மகனிடமும் அதையே சொன்னார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ இருந்ததால நைனா பொழச்சாரும்மா.” அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னபடி விரதத்தை விட்டார். புரட்டாசியில் இட்லி சாப்பிட்டுவிட்டே செம்பு எடுத்தார். இடுப்பு வேட்டியில் ஒரு துண்டு வெல்லத்தை நானே முடிந்துவிடுவேன். இன்னும் பல வருஷம் இருந்தார். பிடுங்கினதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் போலீசம்மா என்று கூப்பிடுவது அன்றோடு நின்றது. ஒவ்வொரு பந்தியிலும் அந்த வார்த்தை வருமா என்று காத்திருந்தேன். வரவேயில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. போன மாதம் டாக்டர் “அர்த்தமயிந்தா?” என்றார். “அர்த்தம் காலேது சார், இன்னொருதரம் சொல்லுங்க” என்றேன். இரண்டு தரம் சொன்னார். அவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

சாயங்காலம் மகன் போன் செய்தான். “நைனாவ எப்படிப் பாத்துக்கினியோ, அப்படியே உன்னையும் பாத்துக்கோம்மா.”

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அடுத்த முறை அவன் வரும்போது அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.