ஒரே வெடிக்குப் பன்னிரண்டு கால்கள்

சேவியர் அண்ணன் காலமான செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் பிளாஸ்டர் மாவு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். கூடுவாஞ்சேரியிலிருந்து அவருடைய மனைவி. விடியற்காலையில் மாரடைப்பாம். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பேசி முடிப்பதற்குள் கையில் மாவு இறுகிவிட்டது.

மேற்குத் தாம்பரத்தில் செயற்கைக் கால் செய்யும் எங்கள் பட்டறையில் முப்பது வருடம் அளவெடுத்துப் பொருத்தியவர் அவர். பத்தாவதில் இரண்டு முறை தோற்ற நான், மாவு கலக்குபவன்.

நான் சேர்ந்த புதிதில் ராமசாமி ஐயா புதுக் கால் கேட்டு வந்தார். இள வயதில் போரில், கண்ணிவெடிக்கு வலது காலைக் கொடுத்தவர். "போன தடவை குடுத்தது எங்க சார், தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன். அண்ணன் கோபப்படவில்லை.

"செருப்பு தேயுதுல்ல, அது மாதிரி இதுவும் தேயும்பா. வயசாக ஆக, வெட்டுனது போக மீதி இருக்கற காலும் மெலியும். உசுரு இருக்கற வரைக்கும் செஞ்சுகினே இருக்கணும்."

போன வருடம் எல்லையில் சண்டை என்று செய்தி வந்த அன்று நான் லட்டு வாங்கிவந்து பட்டறை முழுக்கக் கொடுத்தேன். ஒரே அடியில் முடித்துவிட வேண்டும் என்று வீரம் பேசினேன். தெருநாய்க்குப் பயந்து பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வீட்டுக்குப் போகிறவன் நான்.

அண்ணன் லட்டை மேசையில் வைத்துவிட்டு என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். ராமசாமி ஐயா கழற்றிக் கொடுத்த பழைய கால்கள் சுவரோரம் வரிசையாக நின்றன.

"வெடிச்சது ஒரு தடவதான். அடுத்து பன்னெண்டாவது காலுக்கு மாவு கலக்கப்போற. அவரப் பாத்துக்க அவர் சம்சாரம் டீச்சர் வேலைய வுட்டாங்க. பையன் காலேஜ வுட்டுட்டு மறைமலை நகர் கம்பெனிக்குப் போனான். இதையெல்லாம் எந்தச் சண்டைச் செலவுல எழுதுவ?"

என் வாயில் லட்டு இருந்தது.

அந்தப் பன்னிரண்டாவது காலுக்கு ராணுவ ஆபீஸிலிருந்து அனுமதிக் கடிதம் மாதக்கணக்கில் வரவில்லை. பழைய கால் தளர்ந்து உரசி ஐயாவுக்குப் புண் வந்துவிட்டது. அண்ணன் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போன வாரம் அளவெடுத்து, ஐயாவின் மீதிக் காலைப் போலவே மாவில் அச்சு வார்த்தார். வேலை அதோடு நிற்கிறது.

அடக்கத்துக்கு ஐயா அந்தப் புண்ணோடு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் ஜெபம் முடியும்வரை நின்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, கேட்கவே கூசியவராக, "தம்பி, என் அச்சு இருக்குதா? இல்ல, மறுபடி மொதல்லேருந்தா?" என்றார். இருக்கிறது என்றேன். ஆனால் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

பட்டறைக்கு ஓடிவந்து பார்த்தேன். வெள்ளை அச்சின் மேல் நீலப் பென்சிலில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அண்ணனின் கையெழுத்தில், "இங்கே அழுத்தாதே."

திங்கட்கிழமை அண்ணன் இடத்துக்கு வேறொருவர் வருகிறார். அந்த வட்டங்களைச் சுரண்டிவிட வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். மாவு கலக்குகிறவன் சொல்லக்கூடியது அல்லதான்.

போய் வாருங்கள் அண்ணா. எங்கே வலிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். அதைப் படிக்கிற அளவுக்கு எனக்கும் எழுத்து தெரியும்.