முதல் மெம்பர்

டோஸ்டர் வாங்கப் போன மனுஷன் கடற்கரையையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்ட நாளில்தான் எங்கள் குடும்பத்தின் பொற்காலம் ஆரம்பித்தது.

எண்பதுகளின் கடைசி அது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் விடுமுறைக் கிளப் பற்றிக் கூட்டம் போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வந்து அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்டால் போதும், ரொட்டி சுடும் டோஸ்டர் இலவசம். அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அதனால் குடும்பம் என்ற பெயரில் அப்பா என்னை அழைத்துப் போனார். எனக்கு ஒன்பது வயது.

மேசை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கட்டடம் இருந்தது. ஐந்து மாடி, பிளாஸ்டிக் தென்னை மரம், நீலப் பெயிண்ட் அடித்த கடல். போர்ட்டிக்சன் கடற்கரையில் இப்படி ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது என்றார் கோட்டுப் போட்ட ஆள். மெம்பர் ஆனால் அதில் ஒரு வீடு வருடத்தில் ஒரு வாரம் நம்முடையது, சாகும்வரை. மற்ற வாரங்களில் அதே வீட்டுக்கு வேறு மெம்பர்கள் வருவார்கள். இதுதான் ஏற்பாடு.

"பாஸ், நீங்கதான் முதல் மெம்பர். எந்த வீடு வேணுமோ எடுத்துக்கலாம், எந்த வாரம் வேணுமோ எடுத்துக்கலாம்" என்றார்.

நான் சட்டென்று ஐந்தாம் மாடி மூலை வீட்டைக் காட்டினேன். இரண்டு பக்கமும் கடல் தெரியும் வீடு. அப்பா கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். கடைசியில் தரைமாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டின் மேல் விரலை வைத்தார்.

"பாஸ், அங்கேருந்து கடல் தெரியாதே லா!"

"பரவால்ல. லிஃப்ட் பக்கத்துல இருக்கட்டும்."

வாரத்துக்கு அப்பா யோசிக்கவே இல்லை. தீபாவளி வாரம் என்றார். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில் வந்தது, ஆகவே சாகும்வரை அக்டோபர் கடைசி வாரம் எங்களுடையது. தீபாவளி அமாவாசையைப் பார்த்து வரும், வருடா வருடம் இடம் மாறும் என்பது அந்த ஆளுக்குத் தெரியாமல் போனது சரி. பிறந்ததிலிருந்து தீபாவளி கொண்டாடும் அப்பாவுக்கு அது எப்படி மறந்துபோனது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் டோஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு வரை அழுதேன். கடலே தெரியாத கடற்கரை வீடு! இப்படி ஒரு அப்பா யாருக்காவது வாய்ப்பாரா?

ஏன் தீபாவளி வாரம் என்பதற்குக் கிள்ளானில் இருந்த பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் அக்காள் கணவர். துணிக்கடை வைத்திருந்தார். கலர் டிவி அவர் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. வீடியோ, இரண்டு கதவு ஐஸ் பெட்டி, வண்டிக்குள் ஏர்கான், எல்லாம் அவருக்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. தீபாவளி என்றாலும் அவர் வீடுதான். சொந்தபந்தம் அத்தனையும் அங்கே போய் இறங்கும். நாங்கள் இருந்ததோ பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டின் மூன்றாம் மாடி. கூப்பிட்டால், "ஐயோ, படி ஏறணுமே!" என்று முழங்காலைப் பிடித்துக்கொள்வார்கள்.

இருந்தாலும் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் டின் நிறைய முறுக்கு சுடுவாள். அப்பா விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடிப் படிகளையும் தானே பெருக்குவார். யாரும் வரமாட்டார்கள். மத்தியானம் அதே டின்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் கிள்ளானுக்குப் போவோம். பெரியப்பா வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அப்பா தன் செருப்பை அந்தக் குவியலின் ஓரத்தில் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியப்பாவிடம் இல்லாத ஒன்று முதன்முறையாக எங்களிடம் வந்துவிட்டது என்பதுதான்.

முதல் வருடம் போனோம். அடடா, அது என்ன மரியாதை! கட்டடம் முழுக்கப் பெயிண்ட் வாசனை. மொத்தம் நாலே குடும்பம். மேனேஜர் வாசலுக்கே வந்து அப்பாவைப் பெயர் சொல்லி வரவேற்றார். ஆளுக்கு ஒரு கிளாஸ் பழச்சாறு, அதன் மேல் குட்டியாக ஒரு காகிதக் குடை. நான் அந்தக் குடையைக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்தினேன். நீச்சல் குளம் எனக்கே எனக்கு.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி போட்டுக்கொண்டோம். அம்மா பலகாரத்தைத் தட்டு தட்டாக எடுத்து வைத்தாள். அப்பா வாசல் கதவை அகலத் திறந்து, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட் எப்போதாவது ஒரு முறை இறங்கி வரும். அப்பா எழுந்து நிற்பார். அறை சுத்தம் செய்யும் மலாய்க்கார அக்கா வாளியோடு வெளியே வருவார். அப்பா உட்காருவார்.

"கதவ சாத்துங்க. ஏர்கான் எல்லாம் வெளிய போவுது" என்றாள் அம்மா.

"காத்து வரட்டும்" என்றார் அப்பா.

மத்தியானம் அம்மா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேல்மாடிச் சீனக் குடும்பத்தைத் தேடிப் போனாள். அவர்கள் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். முறுக்கை முக்கால்வாசி நான்தான் தின்றேன். உலகத்திலேயே ஆகச் சிறந்த தீபாவளி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அப்பா ஏன் சாயங்காலம் வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை என்று நான் யோசிக்கவே இல்லை. குளத்தில் இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பா பேச ஆரம்பித்தார். அப்பப்பா, என்ன பேச்சு! வேலை பார்த்த ரயில்வே ஆபீசில் பேசினார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குமிடத்தில் பேசினார். முடிவெட்டும் கடையில் பாதி முடியோடு திரும்பி உட்கார்ந்து பேசினார். நானும் சும்மா இருக்கவில்லை. காகிதக் குடையைப் பென்சில் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய், தொட்டுப் பார்க்க மட்டும் அனுமதித்தேன்.

விளைவு என்ன? பொங்கலுக்குள் பெரியப்பா மெம்பர் ஆகிவிட்டார். ஐந்தாம் மாடி மூலை வீடு. நான் விரல் காட்டிய அதே வீடு! எனக்கு வயிறு எரிந்தது. வாரம்? "அதான் தீபாவளி வாரம்னு சகலை சொன்னாரே" என்று அதே வாரத்தை எடுத்துவிட்டார். அடுத்து எங்கள் ஃபிளாட்டின் கீழ்வீட்டு ஆன்டி, பிறகு அப்பாவின் ஆபீஸ் நண்பர், பிறகு முடிவெட்டும் அண்ணன். ஒருவராவது வேறு வாரம் எடுக்க வேண்டுமே! தெரிந்தவர்கள் எல்லாரும் இருக்கிற வாரத்தை விட்டுவிட்டு நாம் மட்டும் எங்கே தனியாகப் போவது என்பது நம் ஆட்களின் நியாயம்.

இரண்டாம் வருடம் தீபாவளி முந்திக்கொண்டது. கிள்ளானில் பண்டிகை முடிந்து, பழைய முறுக்கோடு கடலுக்குப் போனோம். மூன்றாம் வருடம் தீபாவளி பிந்திக்கொண்டது. கிளப்பும் பக்கத்தில் இன்னொரு கட்டடத்தை எழுப்பியிருந்தது. பலகார வேலை தலைக்கு மேல் இருக்கும்போது உல்லாசப் பயணம் போனால் எப்படி? பெண்கள் எல்லாரும் மாவையும் முறுக்குக் குழலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு கட்டடத்திலிருந்தும் எண்ணெய்ப் புகை கிளம்ப, மேனேஜர் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்.

என் மனம் உடைந்தது அந்த வருடம்தான். மேனேஜர் அப்பாவைப் பார்த்து, "மெம்பர் நம்பர், சார்?" என்றார். அப்பாவைப் போய் நம்பர் கேட்பதா? பழச்சாறு இருந்த இடத்தில் சிவப்புச் சிரப் தண்ணீர் இருந்தது. குடையைக் காணோம். குளத்தில் கால் வைக்க இடமில்லை. என் வகுப்புப் பெண், அதுதான் என் குடையைத் தொட்டுப் பார்த்தவள், எனக்கு முன்னால் சறுக்குமரத்தில் நின்றுகொண்டு, "நீயும் வந்திருக்கியா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்து, நீயும்!

"பாசார் மாலாம் மாதிரி ஆயிருச்சு லா" என்று இரவுச் சந்தைக் கூட்டத்தைச் சொல்லி அப்பாவும் புலம்பத்தான் செய்தார். ஆனால் புலம்பிவிட்டு ஊருக்குப் போனதும் மறுபடி இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். "இப்படி எல்லாரையும் சேத்துக்கிட்டே போனா நாம என்னப்பா ஸ்பெஷலு?" என்று கத்தினேன். அப்பா டோஸ்டரில் ரொட்டியைச் செருகிக்கொண்டே, பேசாமல் இரு என்பதுபோல் கையை ஆட்டினார்.

நான்காம் வருடம் தீபாவளி அலைந்து திரிந்து அப்பாவின் வாரத்துக்கே திரும்பி வந்தது.

இந்தத் தடவை பெரியப்பா விடுவாரா? கிள்ளானிலிருந்து ஒரு சமையல்காரரைக் கூட்டிவந்து, பிரியாணி அண்டாவை ஐந்தாம் மாடிக்கு ஏற்றி, காலை பத்து மணிக்கு எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும் என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முகமே சரியில்லை. "கடலுக்கு வந்தாலும் நமக்கு இதேதான்" என்று முறுக்கு டின்னை மூடி வைத்தாள். அப்பா டின்னைத் திறந்து தட்டுகளில் அடுக்கினார். கதவை அகலத் திறந்தார். நாற்காலியைப் போட்டார்.

பத்து மணிக்குக் கூட்டம் கிளம்பியது. பட்டுப்புடவையும் ஜரிகை வேட்டியுமாக இரண்டு கட்டடத்து ஆட்களும் மேலே போக வேண்டும். இருப்பதோ ஒரே ஒரு சின்ன லிஃப்ட். வரிசை நின்றது. லிஃப்டிலிருந்து தொடங்கி, எங்கள் வாசலைக் கடந்து, குளக்கரை வரைக்கும் போனது. திறந்த கதவுக்கு முன்னால் புதுத்துணி போட்டுக்கொண்டு ஜனங்கள் சும்மா நிற்கிறார்கள். தீபாவளி அன்று, எங்கள் வாசலில்!

அப்பா எழுந்தார். "வாங்க, வாங்க! லிஃப்ட் வர்ற வரைக்கும் உள்ள உக்காருங்க. இதுல ஏறதுக்குப் படியே இல்ல!"

முதலில் நுழைந்தது கீழ்வீட்டு ஆன்டி. "ஒரு முறுக்கு மட்டும்" என்று உட்கார்ந்தவர் எழவில்லை. பின்னால் முடிவெட்டும் அண்ணன் குடும்பம், அதற்குப் பின்னால் ஆபீஸ் நண்பர். நம் ஆட்கள் செருப்போடு வீட்டுக்குள் வருவார்களா? வாசலில் கழற்றினார்கள். வாசல் நிறைந்தது. நடை நிறைந்தது. செருப்புகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்கே போய்ச் சேர்ந்தன. யாருடையதோ ஒரு ஜப்பான் சிலிப்பர் கதவிடுக்கில் சிக்க, லிஃப்ட் கதவு வந்து இடித்துத் திறந்தது, மறுபடி வந்து இடித்துத் திறந்தது. அதற்குப் பிறகு லிஃப்ட் எங்கும் போகவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

அம்மாவைப் பார்க்க வேண்டுமே! தட்டு இந்தப் பக்கம், தேநீர் அந்தப் பக்கம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பறந்தாள். கட்டிலில் ஆள், சன்னல் திண்டில் ஆள். இடம் போதாமல் குளத்தோரம் கிடந்த நாற்காலிகளை எல்லாம் எங்கள் வாசலுக்கு இழுத்துவந்தார்கள். கூட்டத்தைக் கலைக்க வந்த மேனேஜர் வாயில் அம்மா ஒரு நெய்யுருண்டையைத் திணித்தாள். அவர் போகவே இல்லை. எனக்கும் தாங்கவில்லை. என் வகுப்புப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இது எங்க வீடு!" என்று காட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்துப் பெரியப்பா வந்தார். மேலே பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, லிஃப்ட் வராமல், ஐந்து மாடியும் படியில் இறங்கி வந்திருக்கிறார். வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"என்னாப்பா இது? மேல பிரியாணி ஆறிப் போவுது. ஒரு ஈ காக்கா இல்ல!"

அப்பா வேகமாக வந்து, தன் நாற்காலியையே எடுத்துப் போட்டார். "வாங்கண்ணே. உக்காருங்க. மொத மொத நம்ம வீட்டுக்குத் தீபாவளிக்கு வந்திருக்கீங்க."

பெரியப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்புக் குவியலைப் பார்த்தார். தன் செருப்பையும் அதன் ஓரத்தில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மா கொடுத்த முறுக்கை ஒடித்து வாயில் போட்டார். "நல்லா இருக்கும்மா" என்றவர், வாசல் பக்கம் திரும்பிப் பையன்களைப் பார்த்து, "டேய், போய் அண்டாவக் கீழ கொண்டாங்கடா!" என்று சத்தம் போட்டார். குளக்கரையே அதிரும்படி எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் எல்லாரும் கடலுக்குப் போன பிறகு, நானும் அப்பாவும் மட்டும் வாசலில் இருந்தோம். அப்பா தரையில் உட்கார்ந்து, மாறிக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை மனதில் கிடந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா, நாமதானே முதல் மெம்பர்? எல்லா வீடும் காலியாத்தானே இருந்துச்சு. அப்பவே அந்த மேல் வீட்ட எடுத்திருக்கலாம்ல?"

அப்பா ஜப்பான் சிலிப்பரின் ஜோடியைத் தேடிக்கொண்டே சொன்னார். "மேல யாரும்மா வருவா?"

நான் யோசித்துப் பார்த்தேன். "காத்து நல்லா வரும்ப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.