தோலில் தட்டிய உப்பு

போர் முடிந்து ஊரில் மீளக் குடியேறி வந்த காலத்தில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தகரக் கொட்டிலைக் கூட்டி முடித்தால் மறுபடியும் கூட்ட வேண்டும் போலிருக்கும். அதனால்தான் எங்கள் குறுகிய தாழ்வுபாட்டு ஒழுங்கையில், வீடுகளுக்கு நடுவே, ஒருவர் ஆட்டுத்தோல் பதனிடத் தொடங்கியதும், நாற்றத்தையும் பாராமல் வேலைக்குப் போனேன்.

பக்கத்து ஊரான தாராபுரத்தில் ஆடு அறுப்பவர்களிடமிருந்து தோல் உப்புத் தடவி வரும். முதலாளி அதை அப்படியே தொட்டியில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரைப் பின்பக்கத்து மணலில் திறந்து விடுவார். மணலுக்கு அப்பால் ஒழுங்கை முழுக்கக் குடிக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊறப் போட முன் தோலைத் தட்டி உப்பை உதிர்த்தால் அடுத்த தோலுக்குத் தடவலாம், கிணறும் தப்பும் என்று நச்சரித்தேன்.

"பிள்ளை, உமக்கு வேற வேலை இல்லையோ?" என்றார்.

நான் விடவில்லை. கடைசியில் என் வாய்க்குப் பயந்து ஓம் என்றார். அன்றிலிருந்து உதிர்த்த உப்பை உரப்பையில் போட்டு வேலியோரம் வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா. தனியாள். மீன் காயவைத்து விற்றுப் பிழைப்பவர். ஊருக்குத் திரும்பிய பின் அன்றுதான் முதன்முதலாக அவர் கைக்கு நல்ல மீன் வந்திருந்தது. வெட்டிக் கழுவிய பிறகு பார்த்தால் உப்புப் போதவில்லை. பொழுதும் பட்டுவிட்டது. விளக்கு வைத்த பின் எங்கள் பக்கத்தில் யாரும் உப்புக் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கேட்டால்தானே குற்றம்? விடியச் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலியால் கையை விட்டு அள்ளிக்கொண்டார். ஒழுங்கையே நாறும் இடத்தில் ஒரு பை உப்பின் நாற்றம் யாருக்குத் தெரியும்?

விடிய வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். பேசாமல் விட்டால் அந்தக் கருவாடு சந்தைக்குப் போகும். சொன்னால் அவர் பாடெல்லாம் வீண். வேலிக்கும் தொட்டிக்கும் நடையாய் நடந்தேன். வாயைப் பொத்து என்று முதலாளி கண்ணைக் காட்டினார். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"அக்கா, அது தோலில தட்டின உப்பு. ரத்தமும் சாணியும் பட்டது. உந்தக் கருவாட்டை விக்காதேங்கோ."

அக்கா திரும்பிப் போனார். பாயில் பரப்பியிருந்ததை எல்லாம் வாரி, குழி வெட்டி மூடினார். நான் வேலியைப் பிடித்தபடி நின்றேன். உதவிக்குப் போகத் துணிவு வரவில்லை.

பிறகு மண்வெட்டியோடு நேரே முதலாளியிடம் வந்தார்.

"இவ சண்டை பிடிக்க முந்தி நீங்கள் உந்த உப்பைத் தட்டேல்லைத்தானே? அதெல்லாம் எங்க போனது?"

முதலாளி மணலைப் பார்த்தார்.

"மீனைப் புதைச்சிட்டன்," என்றார் அக்கா. "கிணத்தை என்ன செய்யிறது?"

அன்று மத்தியானமும் மூன்று பேரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.