தப்பாகவே பேசிய மனிதர்

நெய்வேலியில் எங்கள் பிளாக் பூங்காவில் காலை நடையின்போது அவரைப் பார்ப்பேன். மகளின் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. எதையும் தப்பாகவே சொல்வார். "இன்னிக்கு செகண்ட் ஷிப்டுக்கு பஸ் இல்லையாம்" என்பார். உடனே நாலு பேர் திருத்துவார்கள். பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இளமையில், போர்க்காலத்தில், நமக்குத் துணைநின்ற ஒரு நாட்டுக்குள் உளவு வேலைக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவர் என்று ஒருநாள் அவரே சொன்னார்.

"நட்பு நாட்டுல எப்படிங்க விசாரிப்பீங்க?" என்று கேட்டேன்.

"விசாரிச்சா, எங்கள நம்பலையான்னு கோவிச்சுப்பாங்க. அதனால எங்க ஆளுங்க கேள்வியே கேக்கக் கூடாது. தப்பா ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதான். திருத்தாம யாராலயும் இருக்க முடியாதுங்க."

சிரித்துக்கொண்டே பூங்கா வாசலுக்கு வந்தோம். "உங்க பொண்ணுக்கு நெல்லிக்குப்பத்துல மாப்பிள்ளை அமைஞ்சதுல ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"நெல்லிக்குப்பம் இல்லைங்க, சேத்தியாத்தோப்பு" என்றேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட நாங்கள் இன்னும் சொல்லாத சேதி அது.

முதல் பத்திரிகையை அவருக்குத்தான் வைத்தேன். வாங்கிப் பார்த்து, கல்யாணத் தேதியைத் தப்பாகப் படித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முகூர்த்தத்தன்று மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.