பதினோரு பதிவிறக்கங்கள்

சிக்னெட் ஊர்ப் பள்ளி நூலகத்தில் பகலெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் லியோனி பைபஸுக்கு வியாழன் மாலை வந்தால் சொர்க்கம். தேநீரும் டோஸ்ட்டுமாகக் கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். கடல் ஏற்றவற்ற நேரத்தைச் சொல்லும் ஒரு மென்பொருளை யாரோ நார்வேக்காரர் எழுதுகிறார். அதை லினக்ஸ் இயங்குதளத்தின் ஐந்து வகைகளுக்கும் ஏற்றபடி கட்டி, இறக்கினால் உடனே ஓடும் பொதிகளாக வெளியிடுவது இவள் வேலை. சம்பளமா? ஒரு காசு கிடையாது. ஒன்பது வருஷத்தில் ஒரு வெளியீட்டைக்கூட அவள் தவறவிட்டதில்லை. கெட்டிக்காரிதான், கொஞ்சம் சோம்பலும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழைய வகைக்கான பொதியைப் பழைய அமைப்பிலேயே கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். புதிய கணினியில் கட்டினால் அது புதிய துணைக்கோப்புகளைக் கேட்டு அடம்பிடிக்கும். அதற்கென்றே சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டுப் பெட்டியை வைத்திருந்தாள். ஒரு பொதி கட்ட அதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

அந்த ஏப்ரல் வியாழனன்று கணக்கைப் பார்த்தாள். பழைய டெபியன் என்ற வகைக்குப் போன தடவை பதினோரே பதிவிறக்கம். "இதுக்குப் போயா மெனக்கெடுறேன்?" என்று சலித்துக்கொண்டு, இனி இதற்குப் பொதி கிடையாது என்று ஓர் அறிவிப்பையும் எழுதி வைத்தாள். கடைசித் தடவைதானே என்று தன் புது மடிக்கணினியிலேயே ஐந்து நிமிடத்தில் கட்டி ஏற்றிவிட்டாள். சோதித்துக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை போன் அடித்தது.

"லியோனி பைபஸா? ரெக்ஸ் பைபஸ் மகதானே நீ?"

"ஆமா. நீங்க யாரு?"

"மெர்வ் டைரீன். ப்ரூனி தீவுல சிப்பி வளக்கிறேன். கட்டுனவர்னு பேக்கேஜுல உம் பேரு இருக்கே! ஏம்மா, என்னத்தக் கட்டி வச்சிருக்க? ஏறவே மாட்டேங்குது. என்னமோ புதுசா வேணுமாம் அதுக்கு."

லியோனிக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு, கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள். பழைய பதிப்பில் அட்டவணை மட்டும் நகராமல் ஒரு மணி நேரம் பிந்திக் காட்டும். புதிய வெளியீடே அந்தப் பிழையைத் திருத்தத்தான்.

"நாளைக்கு மட்டும் அதுல ஒரு மணி நேரத்தக் கொறச்சுப் பாத்துக்கோங்களேன், மெர்வ்."

"நான் கொறச்சுக்குவேன். மத்த பத்துப் பேரு? இங்க பதினோரு சிப்பிக் கொட்டகைக்கும் பழைய பெட்டி தேடிப் புடிச்சு இதப் போட்டுக் குடுத்ததே நான்தான். அரைத்தூக்கத்துல கம்ப்யூட்டர் தெரையப் பாத்துட்டுக் கடல்ல எறங்குற பயலுங்க. ஒரு மணி நேரம் பிந்துனா தண்ணி ஏறிடும். ஈஸ்டர் ஆர்டர் அம்புட்டும் அந்த ஒரு வத்தத்துலதான் எடுத்தாகணும்!"

"அந்தப் பழச யாருமே வச்சிருக்கலன்னு நெனச்சுட்டேன்."

"யாருமேவா? அப்ப நான் யாரு, கடல்நாயா?"

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் லியோனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயங்காலத்துக்குள்ள வந்துடும். அதுக்கு நான் பொறுப்பு."

கிழட்டுப் பெட்டியும் சலவை இயந்திரமும் ஒன்றாக ஓடினால் வீட்டில் ஃபியூஸ் போய்விடும். துணி நுரையோடு கிடக்க இயந்திரத்தை நிறுத்தினாள்.

"என் ஜெர்சி உள்ள கெடக்கே!" என்றான் கணவன் க்ளென்.

"ஊறட்டும். ஒண்ணும் கரைஞ்சு போயிடாது."

மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கட்டினாள். இந்தத் தடவை பழைய அமைப்பொன்றில் நிறுவி, ஞாயிற்றுக்கிழமை நேரத்தையும் சரிபார்த்துவிட்டே ஏற்றினாள். பிறகு பதிவிறக்க எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு. ஐந்து. ஒன்பது. பத்து. அப்புறம் நகரவே இல்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெர்வுக்குப் போன் போட்டாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி, மெர்வ்! யாரோ ஒருத்தர் விட்டுட்டாரு!"

"பதறாதம்மா, அது என்னோடதுதான். எல்லாருக்கும் சொல்லி முடிச்சு இப்பத்தான் கொட்டகைக்கு வரேன்."

பதினொன்று விழுந்தது. லியோனி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஞாயிறு மதியப் படகில் மெர்வ் அனுப்பிய ஒரு சாக்குச் சிப்பி வந்து இறங்கியது. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே லியோனி அந்த அறிவிப்பை அழித்தாள். பொதிப் பட்டியலில் பழைய டெபியனுக்கு நேரே, 'நிறுத்தப்படும் நாள்' என்ற கட்டத்தில், "மெர்வ் சொல்லும்போது" என்று எழுதினாள்.