முதலில் பொட்டு, பிறகு முகம்

என் கையில் ஒரே ஒரு பெண்முகம்தான் இருந்தது. லட்சுமிக்கும் அதே முகம், சரஸ்வதிக்கும் அதே முகம், காலமான பண்ணையார் மனைவிக்கும் அதே முகம். அந்த முகத்தை ஒரு தாளில் கோடாக வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அடியில் தாளை வைத்து மேலே எழுதிவிடுவேன். என் கடை இருந்த மடவார் வளாகத் தெருவில் என்னை ஓவியர் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான்.

ஒரு மாசி மாதம் இராஜபாளையத்திலிருந்து மூன்று பெண்கள் கடைக்கு வந்தார்கள். தங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அம்மாளைக் கண்ணாடியில் எழுதித் தரவேண்டும் என்றார்கள். அந்த அம்மாளைத் தெரியாதவர் யார்? புருஷன் போனபின் மூலையில் உட்கார மறுத்தவர். தாலியறுத்த பெண்களின் ஜீவனாம்சத்துக்காக மனு எழுதிக்கொண்டு எங்கள் ஊர்க் கோர்ட்டுக் கச்சேரிப் படி ஏறி இறங்கியவர். கல்யாண வீட்டில் வெறும் நெற்றியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்ணை வாழ்த்திவிட்டே எழுந்தவர்.

“அவியதான் கண்ணு முன்னால இருக்காவளே, படம் எதுக்கு?” என்றேன்.

“பாதி நாளு உங்க ஊருக் கச்சேரியிலதான் கெடக்காவ, அண்ணாச்சி” என்றாள் மூத்தவள். “தாலியறுத்தவ எவளாச்சும் படிக்க வந்து வாசல்ல கூசி நின்னா, இந்தா பாரு, அவியளும் ஒன்ன மாதிரித்தான்னு காட்டணும். அதுக்குத்தான்.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நன்றாகத் தலையாட்டிவிட்டு, அதே தாளை எடுத்தேன்.

வெள்ளைச் சீலை எழுதினேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நெற்றியில் பொட்டு வைத்தேன். மூக்குத்தியும் போட்டேன். பொட்டில்லாமல் ஒரு பெண்ணை எழுதினால் கடைக்கு ஆகாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். மரியாதை செய்வதாகவே நினைத்துக்கொண்டேன்.

வைக்கோலில் பொதிந்து மாட்டுவண்டியில் இராஜபாளையத்துக்குக் கொண்டுபோய், அவர்கள் படிக்கும் வீட்டில் இறக்கினேன். அம்மாளும் அன்று இருந்தார். பெண்கள் படத்தைப் பிரித்ததும் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அம்மாள் மட்டும் படத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கா. யாரு அண்ணாச்சி இவ?”

“நீங்கதாம்மா.”

“அப்படியா. அந்தப் பொட்டை மட்டும் எடுத்திருங்க.”

எடுக்க முடியாது என்று விளக்கினேன். கண்ணாடியின் பின்பக்கம் எழுதுகிறோம், முன்பக்கமாகப் பார்க்கிறோம். அதனால் பொட்டும் நகையும்தான் முதலில் விழும். அதன்மேல் முகத்தின் நிறம் பூசுவோம். பொட்டை எடுக்க வேண்டுமென்றால் முகத்தைச் சுரண்ட வேண்டும்.

அம்மாள் சிரித்தார். “மொதல்ல பொட்டு, பொறவு மூஞ்சி. ஊருல அம்புட்டுப் பேரும் எங்கள அப்படித்தான் பாக்காவ. உங்கள மட்டும் சொல்லி என்ன.”

திட்டியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்திருப்பேன். சிரித்துவிட்டதால் அந்தச் சொல் என்மேலேயே வந்து விழுந்தது. காரணம், என் அக்கா. பதினோரு வருஷமாக வெள்ளைச் சீலையில் எங்கள் வீட்டில் இருப்பவள். எனக்கு நிறம் அரைத்துத் தருபவளும் அவள்தான். அந்தப் பொட்டின் சிவப்பையும் அவளே அரைத்தாள். அன்று காலை, “நான் தெரு முக்கு தாண்டுத வரைக்கும் செத்த நேரம் உள்ள இரு, அக்கா” என்று அவளை ஒதுக்கிவிட்டுத்தான் படத்தைத் தூக்கினேன். கெட்ட சகுனம் இல்லாமல் போய்ச் சேர வேண்டுமாம், அந்த அம்மாளின் படம்.

புதுக் கண்ணாடி எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அம்மாளின் கண்ணும் வாயும் நினைவில் இருந்தன. நெற்றிதான் இல்லை. வெட்கத்தில் அதை நிமிர்ந்து பார்க்காமலே வந்திருந்தேன். வெறும் நெற்றியை எழுதி எனக்குப் பழக்கமும் கிடையாது.

“அக்கா, செத்த வெளிச்சத்துல வந்து உக்காரு.”

“எதுக்குலே?”

“ஒரு நெத்தி வேணும்.”

“உன் நெத்தியப் பாத்து எழுதேன். உச்சி வரைக்கும்லா ஏறிக் கெடக்கு.”

ஆனாலும் வந்து உட்கார்ந்தாள், முக்காட்டைச் சற்றே தள்ளிக்கொண்டு. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. அது எப்போது வந்தது என்று கேட்டேன்.

“சின்னப் புள்ளையில உனக்கு அம்மை போட்டப்போ நான்தான பக்கத்துல படுத்திருந்தேன். உனக்கு எறங்கி எனக்கு ஏறுச்சு. தெரியாதாக்கும்?”

தெரியாது. தினமும் அவள் கையால் சாப்பிட்டவனுக்குத் தெரியாது.

இந்த முறை நெற்றிச் சுருக்கங்களை முதலில் எழுதினேன். கை தன்போக்கில் தழும்பையும் எழுதிவிட்டது. அழிக்க மனம் வரவில்லை.

படம் மாட்டும் நாளில் அங்கே நிறையப் பெண்கள் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைச் சீலை. அம்மாள் கிட்டே வந்து பார்த்தார்.

“இப்ப நான்தான். ஆனா இந்தத் தழும்பு எனக்கு இல்லையே, யாருது?”

“எங்க அக்காவுது. மன்னிக்கணும், மாத்தி எழுதிருதேன்.”

“வேண்டாம், இருக்கட்டும். அவிய வரலையா?”

“வண்டியில எடம் இல்லம்மா” என்றேன்.

அந்த வண்டியில் நானும் வண்டிக்காரரும் கண்ணாடியும்தான் வந்திருந்தோம்.